ஆறு நிமிடங்களும் ஒரு மேகமும்

2009 செப்டம்பர் 2 காலை 8.38 மணிக்கு ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பிய பெல் 430 ஹெலிகாப்டர், ஒரு மணி நேரம் ஆவதற்குள் நல்லமலைக் காட்டில் விழுந்தது. ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும் இரு விமானிகளும் உட்பட ஐந்து பேரும் இறந்தார்கள். கீழ்நோக்கி வீசிய கடுங்காற்றில் சிக்கிக் கட்டுப்பாடு இழந்ததே காரணம் என்றது ஆர்.கே. தியாகி தலைமையிலான விசாரணைக் குழு. கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய ஆறு நிமிடங்களைத்தான். கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தத்தில் ஏதோ கோளாறு என்று விமானிகளுக்குத் தெரிகிறது. கையேட்டைப் புரட்டித் தீர்வு தேடுகிறார்கள். ஆறு நிமிடத்துக்கும் மேலாக இருவர் கவனமும் அதிலேயே கிடக்க, ஹெலிகாப்டர் மழைமேகத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவர் கோளாறைப் பார்க்கும்போது மற்றவர் பறத்தலை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விமானி அறியாத விதி அல்ல. ஆனால் அறிந்திருப்பது வேறு, பதற்றத்தில் அது தானாக வருவது வேறு. இரண்டாவதைத் தருவது பயிற்சி மட்டுமே.

காற்றை யாரால் தடுக்க முடியும் என்று கேட்கலாம். தடுக்க முடியாதுதான், ஆனால் அதற்குள் நுழைவதா, திரும்புவதா என்பது விமானி எடுக்கும் முடிவு. அனுபவசாலிகளுக்குமா பயிற்சி என்பது இன்னொரு கேள்வி. 2020 ஜனவரி 26 அன்று கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேரைப் பலிகொண்ட தனியார் ஹெலிகாப்டரின் விமானி, 8,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிச் சான்றும் அவரிடம் இருந்தது. ஆனால் கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே அனுமதி பெற்ற நிறுவனத்தின் ஹெலிகாப்டர் அது. மேகத்துக்குள் புகுந்ததும் மேல் எது, கீழ் எது என்ற உணர்வு அவருக்குத் தப்பிவிட்டது. பயணத்தை எப்படியும் முடித்தாக வேண்டும் என்று அவர் தனக்குத் தானே ஏற்றிக்கொண்ட அழுத்தத்தையும் அமெரிக்க விசாரணை வாரியம் குறிப்பிட்டது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் செய்த சோதனையில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேர் பார்வை மறைந்த பிறகு விமானத்தைக் கட்டுக்குள் வைத்திருந்த நேரம் சராசரியாக 178 விநாடி. தெளிந்த வானில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தாலும் இந்த மூன்று நிமிடத்துக்கு அதில் ஒத்திகை கிடைக்காது. வி.ஐ.பி. பின்னால் அமர்ந்திருக்கையில் "திரும்பிவிடலாம்" என்று சொல்லும் துணிவும் அப்படித்தான், ஒத்திகை பார்த்தே வர வேண்டும். நம் ஊர் அரசியல் பயணங்களில் அது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இப்படி ஒத்திகை பார்க்க சிமுலேட்டர் வேண்டும், அதற்குச் செலவாகும் என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இந்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்.ஏ.எல்.லும் கனடாவின் சி.ஏ.இ. நிறுவனமும் கூட்டாக பெங்களூரில் அமைத்த ஹெலிகாப்டர் சிமுலேட்டர் மையம், ராஜசேகர ரெட்டி இறந்த விபத்துக்கு அடுத்த ஆண்டுதான் பயிற்சியைத் தொடங்கியது. பெல் 430 போலக் குறைந்த எண்ணிக்கையில் தயாரான ரகம் ஒவ்வொன்றுக்கும் தனி சிமுலேட்டர் வைக்க, ஓரிரண்டு ஹெலிகாப்டர் ஓட்டும் தனியார் நிறுவனத்தால் ஆகாது. ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியும்போது வேலையைப் பிரித்துக்கொள்வதற்கும், மேகத்துக்குள் புகுந்துவிட்டால் கருவியைப் பார்த்து வெளியேறுவதற்கும் அதே ரகம்தான் வேண்டும் என்றில்லை. நெருங்கிய வேறொரு ரகத்தின் சிமுலேட்டரே போதும். ஆண்டுக்குச் சில நாள் விமானியைப் பறப்பிலிருந்து விடுவித்து அங்கே அனுப்ப நிறுவனம் சம்மதிக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த நாள்களில் வருமானம் கிடையாது.