மேட்டில் ஏசி நின்றால் 'டைரக்ட்' கொடுக்க விடாதீர்கள்

இன்ஜின் மாற்றிய காரில் ஊருக்குள் ஏசி நன்றாகத்தான் வரும். கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் பெங்களூரு திரும்பும்போது, பண்ணாரி தாண்டி திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் வெறும் காற்றுதான் வீசும். மெக்கானிக்கிடம் போனால் பல இடங்களில் ஒரே வைத்தியம்தான்: "கம்ப்ரசருக்கு டைரக்ட் கொடுத்துடலாம் சார்." அதாவது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைத் தாண்டி, கம்ப்ரசருக்கு நேராக மின்சாரம் கொடுப்பது. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கம்ப்ரசர் சுற்றுவது இன்ஜினின் பலத்தில். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால், இசியு சில விநாடிகள் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அந்தப் பலத்தையும் வண்டி ஏறுவதற்குக் கொடுக்கும். பல கார்களில் இது கம்பெனியே வைத்த ஏற்பாடு, கோளாறல்ல. மேடு முடியும்வரை ஏசி திரும்பவே இல்லையென்றால் காரணம் தேட வேண்டும். இன்ஜின் சூடு எல்லை மீறினாலும், ஏசி கேஸின் அழுத்தம் மிக உயர்ந்தாலும், மிகக் குறைந்தாலும் கம்ப்ரசர் தானாக நிற்கும்.

இன்ஜின் மாற்றும்போது கெடுவது பெரும்பாலும் இவற்றைக் கவனிக்கும் இணைப்புகளும் பொருத்தங்களும்தான். வேறு மாடலின் இசியு, பாதி மிதியையே முழு மிதியாக எடுத்துக்கொள்ளலாம். பெரிய இன்ஜினுக்குப் பழைய சின்ன ரேடியேட்டரே இருக்கலாம். இதோடு உயரமும் சேரும்: பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மெலிந்த காற்றில் டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய 10 சதவீதப் பலத்தை இழக்கும். ஏற்றத்தில் கால் தானாகவே இன்னும் அழுத்தும்.

நின்ற இடத்தில் ஒரு சோதனை செய்யலாம். பானெட்டைத் திறந்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு ஏசியைப் போடச் சொல்லுங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு கம்ப்ரசரின் முன்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். ரேடியேட்டர் ஃபேனும் ஓட வேண்டும். ஃபேன் ஓடவில்லை என்றால் மேட்டில் ஏசி நிற்பதில் வியப்பில்லை. டைரக்ட் கொடுத்துவிட்டால், கம்ப்ரசரைத் தானாக நிறுத்தும் காவல் எல்லாம் போய்விடும். சூடு ஏறிய இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் போகலாம், கம்ப்ரசர் கிளட்ச் கருகலாம். ஃப்யூஸ் இல்லாமல் இழுத்த வயர் தீப்பிடிக்கவும் கூடும்.

சட்டத்தின் பக்கமும் கவனம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் என்றாலும் ஆர்டிஓ அனுமதி வாங்கி, புதிய இன்ஜின் எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகரிலோ பழைய இன்ஜின் வாங்கினால், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பது எழுதிய பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் இன்ஜின் எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அதனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

வேலை சரியில்லை என்றால் பணம் போனது போனதுதான் என்று விட்டுவிடாதீர்கள். அது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு. சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். இதை அறியாமலேயே பல ஓட்டுநர்கள் நஷ்டத்தைச் சுமக்கிறார்கள். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை; வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அங்கே பேசப்போவது காகிதம். என்ன இன்ஜின், எந்த இசியு, ஏசி இணைப்பும் வேலையில் சேர்ந்ததா என்பதெல்லாம் பில்லில் இருக்கட்டும். வேறு மெக்கானிக் பழுதைச் சரிசெய்யத் தொடங்கும் முன், வயர்களைப் படம் எடுத்து, கண்ட குறையை அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரித்து மாட்டிய பிறகு பழைய தவறைக் காட்டுவது மிகக் கடினம்.