தென்னைகளுக்கு நடுவே தூண்டில்

கேரளத்தின் கரமனை ஆற்றங்கரையில் நின்று தூண்டில் வீச ஆசையா, நேயர்களே? முதுகுக்குப் பின்னே தென்னைகள் நெருங்கி நிற்கும். நூலைப் பின்னால் சுழற்றினால் ஓலையில்தான் சிக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றிலும் இதே இடைஞ்சல்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வழி கண்டார்கள்: இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட கோல். நூலைத் தண்ணீர்மேலேயே மடித்து, முன்னோக்கி உருட்டி எறியலாம். அகன்ற ஆறுகளுக்கு 13 முதல் 15 அடிக் கோல். கரமனைக்கு 11 அடியே தாராளம்.

நூல் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இருகைக் கோலில் நூல் எண் 7 என்று போட்டிருந்தால், ஒற்றைக்கைக் கோலுக்கான 7-ஆம் எண் நூலை மாட்டாதீர்கள். அதைவிடக் கனமான நூல் வேண்டும். இல்லையென்றால் கோல் வளையாது, தூண்டில் காலடியிலேயே விழும். எண்ணை நம்பாமல், நூலின் எடை எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள்.