ஃபைனலில் கை நழுவிய கோட்டு.. 3 ஆண்டுகளில் திரும்பி வந்தது எப்படி? யார் இந்த கீத் ஜாக்?

ரியாலிட்டி ஷோ ஃபைனலில் ஜெயித்தவர் யார் என்று கேட்டால் டக்குனு சொல்லிடுவோம். ஆனா ரெண்டாவது இடம் வந்தவர்? அந்த மேடை லைட் அணைந்த பிறகு அவர் என்ன ஆனார் என்று யோசித்திருக்கிறோமா?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கீத் ஜாக்கின் கதை அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில். 19 வயதில் லட்சக்கணக்கானோர் பார்க்கும் டிவி ஷோவில் ஒரு படி குறைவில் தோற்றவர் அவர். அதன்பிறகு தோற்ற அதே வேடத்தை வேறொரு வழியில் எட்டிப் பிடித்தார். அந்த வழி என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன ஷோ?

2007-ம் ஆண்டு மார்ச் கடைசியில் பிபிசி தொலைக்காட்சியில் 'எனி ட்ரீம் வில் டு' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. நோக்கம் ஒன்றுதான். லண்டனில் புதிதாக மேடையேறப்போகும் 'ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் ட்ரீம்கோட்' என்ற மியூசிக்கலுக்கு ஒரு ஹீரோவைத் தேடுவது.

மியூசிக்கல் என்றால் பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் சேர்ந்த மேடை நாடகம். நம்ம ஊர் பழைய இசை நாடகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மியூசிக்கலுக்கு இசை ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர், பாடல்கள் டிம் ரைஸ். 1968-ல் லண்டனில் ஒரு பள்ளிக்கூட மாணவர்களுக்காக வெறும் 15 நிமிட இசை நிகழ்ச்சியாக எழுதப்பட்டது. பிறகு வளர்ந்து வளர்ந்து முழு நீள நாடகமானது.

கதை நமக்குத் தெரிந்ததுதான். பைபிளில் வரும் யோசேப்பு, இஸ்லாமிய மரபில் யூசுஃப் நபி. அப்பா யாக்கோபு பிரியத்தோடு கொடுத்த பலவர்ண அங்கி, அதைப் பார்த்துப் பொறாமைப்படும் அண்ணன்கள், எகிப்துக்கு அடிமையாக விற்கப்படும் தம்பி, கனவுக்குப் பலன் சொல்லியே அரசனுக்கு அடுத்த இடத்துக்கு உயர்வது. அந்த வண்ண அங்கிதான் நாடகத்தின் அடையாளம்.

போட்டியில் என்ன நடந்தது?

இறுதிச் சுற்றுகளுக்கு 12 இளைஞர்கள் தேர்வானார்கள். எடின்பரோ நகருக்குப் பக்கத்தில் உள்ள டால்கீத் என்ற சின்ன ஊரில் இருந்து வந்தவர் கீத் ஜாக். அவரோடு கிரெய்க் சால்மர்ஸ் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரும் இருந்தார்.

வாரா வாரம் பாட வேண்டும். மக்கள் ஓட்டு போடுவார்கள். குறைவான ஓட்டு வாங்கிய இருவர் மறுபடி பாடுவார்கள், ஒருவரை லாய்ட் வெப்பர் காப்பாற்றுவார். வெளியேறுபவர் போட்டிருக்கும் வண்ணக் கோட்டை மற்றவர்கள் சேர்ந்து கழற்றுவது அந்த ஷோவின் வழக்கம். பார்க்கிறவங்களுக்கே கொஞ்சம் மனசு கஷ்டமா இருக்கும்.

சால்மர்ஸ் பாதியில் வெளியேறிவிட்டார். கீத் ஜாக் கடைசி வரை போனார். ஜூன் 9-ம் தேதி ஃபைனல். எதிரில் 25 வயது லீ மீட். ஏற்கெனவே லண்டன் மேடையில் 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வில் வேலை செய்துவந்தவர். மக்கள் ஓட்டில் லீ மீட் ஜெயித்தார். கீத் ஜாக் இரண்டாம் இடம்.

பரிசு பணம் இல்லை, வேலை. அடுத்த மாதமே லண்டனின் அடெல்ஃபி தியேட்டரில் லீ மீட் ஜோசப்பாக மேடையேறினார். ரெண்டாவது வந்தவருக்கு அந்த வேலையில் பங்கு கிடையாது.

அப்புறம் என்னாச்சு?

இங்கதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பிரிட்டனில் மேடை நாடகத்துக்கு ரெண்டு உலகம் உண்டு. ஒன்று, லண்டனின் 'வெஸ்ட் எண்ட்'. ஒரே தியேட்டரில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஓடும் நாடகங்கள். இன்னொன்று 'டூர்'. ஒவ்வொரு ஊராகப் போய் நடத்துவது.

போட்டியின் நடுவர்களில் ஒருவர் பில் கென்ரைட். எவர்டன் கால்பந்து கிளப்பின் தலைவராகவும் இருந்தவர். ஜோசப் நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகளாக நடத்திவந்த தயாரிப்பாளரும் அவர்தான். அந்த டூரில் கீத் ஜாக்குக்கு ஒரு வேடம் கிடைத்தது. ஜோசப் வேடம் இல்லை, கதைசொல்லி வேடம்.

பொதுவாகப் பெண்கள் பாடும் வேடம் இது. சின்ன வேடமும் இல்லை. வசனமே ஏறக்குறைய இல்லாமல் முழுக்கப் பாட்டாலேயே நகரும் நாடகம் என்பதால், தொடக்கம் முதல் முடிவு வரை கதையை இழுத்துக்கொண்டு போவது கதைசொல்லிதான்.

ஆனா ஒரு சங்கடம். அந்த டூரில் ஜோசப்பாக நடித்தவர் கிரெய்க் சால்மர்ஸ். ஆமாங்க, போட்டியில் கீத் ஜாக்குக்கு முன்பே வெளியேறிய அதே சால்மர்ஸ். ஃபைனல் வரை போனவர் ஓரமாக நின்று கதை சொல்ல, பாதியில் போனவர் கோட்டை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறார். தினமும் ராத்திரி இதே காட்சி.

கோட்டு எப்போது கிடைத்தது?

2010-ல். டூரின் ஜோசப் வேடம் கீத் ஜாக்குக்கு வந்தது. பக்கத்தில் நின்று பாடிப் பாடி நாடகம் முழுக்க மனப்பாடமான பிறகு, அதே கதையின் நாயகனாக அவர் நின்றார். அடுத்த சில ஆண்டுகள் அவர்தான் டூரின் ஜோசப்.

லண்டனில் ஜெயித்த லீ மீட் 2009 ஜனவரியிலேயே அந்த வேடத்திலிருந்து விலகிவிட்டார். அதே ஆண்டு அடெல்ஃபியில் நாடகமும் முடிந்தது. தோற்றவர் அதற்குப் பிறகுதான் கோட்டைப் போட்டார். ஆனால் பல ஊர் மேடைகளில் போட்டார்.

டூர் வாழ்க்கை எப்படி இருக்கும்?

பிரிட்டனில் ஒரு மியூசிக்கல் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். அதாவது சில நாள்களில் மதியம் ஒன்று, இரவு ஒன்று. குரல் கட்டினாலும், உடம்பு வலித்தாலும் மேடையில் தெரியக்கூடாது. முடியவே இல்லை என்றால் 'அண்டர்ஸ்டடி' எனப்படும் மாற்று நடிகர் ஏறுவார். அவரும் எல்லாப் பாட்டையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

டூரில் இதோடு பயணமும் சேரும். கடைசிக் காட்சி முடிந்ததும் செட்டை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். புது ஊரில் நடிகர்கள் வாடகை அறை தேடித் தங்க வேண்டும். ஜோசப்பில் குழந்தைகள் பாடகர் குழு உண்டு. அந்தந்த ஊர்ப் பிள்ளைகளையே அதற்குச் சேர்ப்பதால், புது இடத்தில் புதுப் பிள்ளைகளோடு ஒத்திகையும் பார்க்கணும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் 'பாண்டோமைம்' எனும் குடும்ப நாடக சீசன். பெரும்பாலும் ஒரே நாளில் 2 காட்சிகள் இருக்கும். பல மியூசிக்கல் நடிகர்களுக்கு அந்த சில வாரங்கள்தான் நிச்சயமான வருமானம். ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி ஆடிஷன் வரிசையில் நிற்கணும். டிவியில் வந்த முகம் கதவைத் தட்ட உதவும். உள்ளே வேலை வாங்கித் தராது.

ஜோசப்போடு முடிந்துவிட்டதா?

இல்லை. 2018-ல் 'ஃபேம்' மியூசிக்கலின் 30-ம் ஆண்டு டூர் தொடங்கியது. நியூயார்க்கில் ஒரு கலைப் பள்ளியில் படிக்கும் மாணவர்களின் கதை. அதில் நடிப்பைப் பெரிதாக மதிக்கும் நிக் பியாட்சா என்ற மாணவர் வேடம் கீத் ஜாக்குக்கு. பாடகி மிக்கா பாரிஸும் அந்தக் குழுவில் இருந்தார். 2019-ல் அந்த நாடகம் லண்டனின் பீகாக் தியேட்டருக்கும் வந்தது.

அடுத்த ஆண்டே கொரோனா. 2020 மார்ச் 16-ம் தேதி லண்டன் தியேட்டர்கள் மூடப்பட்டன. இங்கிலாந்தில் கட்டுப்பாடு இல்லாமல் முழு அரங்குடன் நடத்த 2021 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட்சி இருந்தால்தான் சம்பளம் என்ற தொழிலில் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஷோக்கள் நல்லதா, கெட்டதா?

விமர்சனம் அப்போதே எழுந்தது. மக்கள் கட்டணத்தில் நடக்கும் பிபிசி, ஒரு தனியார் நாடகத்துக்கு வாரக்கணக்கில் இலவச விளம்பரம் செய்யலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதே சமயம், இப்படி ஒரு வாசல் இல்லாவிட்டால் சின்ன ஊர்ப் பையன் ஒருவர் பெரிய தயாரிப்பாளர் கண்ணில் படுவது சுலபமில்லை. 2008-ல் நடந்த அடுத்த சீசனான 'ஐட் டு எனிதிங்'கில் இரண்டாம் இடம் வந்தவர் ஜெஸ்ஸி பக்லி. பின்னாளில் 'தி லாஸ்ட் டாட்டர்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். மூன்றாம் இடம் வந்த சமந்தா பார்க்ஸ், 2012-ல் வெளியான 'லே மிஸரபிள்' படத்தில் எப்போனின் ஆனார்.

கீத் ஜாக்குக்கு ஹாலிவுட் அமையவில்லை. அவருக்குக் கிடைத்தது டூர் பஸ்ஸும், வாரம் 8 காட்சியும், தான் ஆசைப்பட்ட அந்தக் கோட்டும். போட்டியில் தோற்றதும் ஊருக்குத் திரும்பியிருந்தால் அது நடந்திருக்காது. கதைசொல்லி வேடம் தானே என்று ஒதுக்கியிருந்தாலும் நடந்திருக்காது.

அடுத்த முறை ஃபைனல் பார்க்கும்போது, ஜெயித்தவர் மேல் காகிதப்பூ கொட்டும் நேரத்தில் பக்கத்தில் சிரித்தபடி கைதட்டுபவரையும் கொஞ்சம் பாருங்க.