பதினொன்றாம் வகுப்புக்கு முன்: மாற்றுத்திறன் மாணவர்தம் உயர்கல்வி, தொழில் கண்டறிதல் – கோட்டூர்புரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுத்திறன் மாணவர்க்கு உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் இட ஒதுக்கீடு சட்டவழி உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் எந்தப் படிப்பு, எந்தத் தொழில் தமக்கு இயலும் என்பதை அவர்கள் நேரில் கண்டறியும் வாய்ப்பு பள்ளிப்பருவத்தில் அரிதாகவே அமைகிறது. பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே பல வழிகள் அடைபட்டுவிடுகின்றன என்பதையும், அதற்கு முன்னரே கண்டறிதல் நிகழவேண்டியதன் தேவையையும் சென்னைக் கோட்டூர்புரப் பகுதியின் நிறுவனங்களை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளர், மேல்நிலைக் கல்வி, பாடப்பிரிவு, தேர்வுச் சலுகை, தொழில் வழிகாட்டல், கோட்டூர்புரம், வித்யாசாகர்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேரும் தமிழ்நாட்டில் 11.79 இலட்சத்திற்கும் மேற்பட்டோரும் மாற்றுத்திறனாளர்கள். அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைமைகளில் எடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, புற உலகச் சிந்தனையற்ற நிலையாகிய ஆட்டிசம், தசைச்சிதைவு ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்ற பின்னர், வகுப்பறையில் இருந்தும் கணக்கில் வாராதிருந்த மாணவர் பலர் சட்டத்தின் பார்வைக்கு வந்தனர். இம்மாணவர்கள் பள்ளியில் சேர்வது பற்றியும் தேர்வெழுதுவது பற்றியும் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. பள்ளியின் இறுதி ஆண்டுகளில் அவர்கள் எதைத் தேர்கின்றனர், யார் அவர்களுக்காகத் தேர்கின்றனர் என்ற வினா அவ்வளவாகக் கவனம் பெறவில்லை.

கோட்டூர்புரம் என்னும் களம்

அடையாற்றின் தென்கரையில் அமைந்த கோட்டூர்புரம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடம். இங்கு ரஞ்சித் சாலையில் இயங்கும் வித்யாசாகர் நிறுவனத்தை 1985இல் பூனம் நடராஜன் தொடங்கினார். அன்று அதன் பெயர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆப் இந்தியா, சென்னை. 1998இல் வித்யாசாகர் எனப் பெயர் மாறியது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வியில் தொடங்கிய அதன் பணி, பொதுப்பள்ளிகளில் இணைத்துக் கற்பித்தல், மாற்றுவழித் தகவல் தொடர்பு, மாற்றுத்திறனாளர் சட்ட உதவி என விரிந்தது. தொடங்கியவர் பின்னாளில் நடுவண் அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவராகவும் பணியாற்றினார்.

வித்யாசாகரைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் அண்ணா நூற்றாண்டு நூலகம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அண்ணா பல்கலைக்கழகம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியன உள்ளன. 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வைக் குறைபாடு உடையோர்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. தொழில்நுட்பக் கழகத்தின் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையத்தில் உருவான ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலி 2019இல் வெளியிடப்பட்டது. அமர்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க அது துணைசெய்கிறது. பேச்சுத்திறன் குறைந்தோர் படங்களைத் தொட்டுப் பேசுவதற்கான ‘ஆவாஸ்’ செயலியும் அதே கழகத்தில் பயின்ற அஜித் நாராயணனின் நிறுவனம் வித்யாசாகருடன் இணைந்து உருவாக்கியதே. அடையாற்றில் புனித லூயி நிறுவனமும், கிண்டியில் மாற்றுத்திறனாளர்களுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையமும் இயங்குகின்றன. முற்காலத்தில் தொழில்சார் மறுவாழ்வு மையம் என வழங்கப்பட்ட இக்கிண்டி மையம், ஒருவரிடம் எஞ்சியுள்ள திறனை மதிப்பிட்டு அதற்கேற்ற பயிற்சியும் வேலையும் காண உதவுவது.

இத்துணை நிறுவனங்கள் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களுக்கு வாய்க்காதது. எனினும் அருகில் இருப்பதும் அணுகக் கிடைப்பதும் ஒன்றல்ல. பதினான்கு அகவை மாணவர் ஒருவர் அந்த வளாகத்தின் ஆய்வகத்திற்குள் சென்று, சக்கர நாற்காலியிலிருந்தபடியே ஒரு கருவியை இயக்கிப் பார்க்கும் நாள் பள்ளியின் நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்த அருகமை பயன்படும்.

சட்டம் திறந்த வாயில்கள்

1995ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காட்டு ஒதுக்கீடு தந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அதனை 5 விழுக்காடாக உயர்த்தி, வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் அளித்தது. 34ஆம் பிரிவு அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டை ஒதுக்கியது. இவை 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையதாகச் சான்று பெற்றோர்க்கு உரியவை. அந்த அளவுகோலைத் தேர்வெழுதும் உதவிக்கும் கட்டாயமாக்குதல் தவறு என 2021 பிப்ரவரி 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது; எழுத்துப்பிடிப்பு உள்ள குடிமைப்பணித் தேர்வர் ஒருவர்க்குச் சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ளும் உரிமை அதனால் கிட்டியது. 2024 அக்டோபரில் மருத்துவக் கல்வி பற்றிய வழக்கிலும், குறைபாட்டு விழுக்காட்டை மட்டும் கொண்டு ஒருவரை விலக்கலாகாது, படிப்பை அவரால் மேற்கொள்ள இயலுமா என்றே ஆராய வேண்டும் என அந்நீதிமன்றம் கூறியது.

இவை யாவும் வாயிலில் நிற்பவர்க்கான பாதுகாப்புகள். வாயில் வரை வருவதற்கான வழி பற்றிச் சட்டம் குறைவாகவே பேசுகிறது. 16, 17ஆம் பிரிவுகள் பள்ளிகளின் கடமைகளை நிரல்படுத்துகின்றன: பாகுபாடின்றிச் சேர்த்தல், அணுகத்தக்க கட்டடம், போக்குவரத்து, பாடத்திலும் தேர்விலும் மாற்றங்கள். உயர்கல்வி, தொழில் பற்றிய வழிகாட்டல் அவ்வரிசையில் தனிக் கடமையாக இடம்பெறவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் மாற்றுத்திறனாளர்க்கான சிறப்புக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே நடைபெறுகிறது. அங்கு இடங்கள் நிரம்பாமற் போவதுண்டு. விண்ணப்பிக்கத் தகுதியுடையோர் பதினொன்றாம் வகுப்பிலேயே குறைந்துவிட்ட பின்னர், கலந்தாய்வு நாளில் நாற்காலிகள் வெறுமையாக இருப்பது வியப்பன்று.

பாடப்பிரிவு என்னும் திருப்பம்

மேல்நிலைப் பள்ளியில் சேரும் மாணவர் கணிதம்–அறிவியல், கணினி, வணிகவியல், கலை, தொழிற்கல்வி ஆகிய பிரிவுகளுள் ஒன்றைத் தேர வேண்டும். ஏனைய மாணவர்க்கு மதிப்பெண்ணும் விருப்பமும் முடிவு செய்கின்றன. மாற்றுத்திறன் மாணவர்க்குப் பெரும்பாலும் குறைபாட்டின் பெயரே முடிவு செய்துவிடுகிறது. பார்வையற்றவர் எனில் வரலாறு அல்லது மொழி. செவித்திறன் குறைந்தவர் எனில் வணிகவியல் அல்லது கணினி. இவ்வழக்கம் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஆய்வகத்தில் எவ்வாறு சமாளிப்பது, வடிவியல் படங்களை எவ்வாறு கற்பிப்பது என அறியாத பள்ளி, ‘உனக்கு இதுவே எளிது’ என அன்போடு சொல்லும் சொல்லில்தான் அது வாழ்கிறது. அன்போடு சொல்லப்படுவதால் அதை மறுப்பதும் கடினமாகிறது.

ஆந்திரத்தைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் பொல்லா பிறவியிலேயே பார்வையற்றவர். பத்தாம் வகுப்பிற்குப் பின் அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டதால் நீதிமன்றம் சென்று அனுமதி பெற்றார். பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, நாடு திரும்பித் தொழிலதிபரானார். ஒரு பாடப்பிரிவில் சேர ஒரு சிறுவன் வழக்காட வேண்டியிருந்தது என்பதே இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது. சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் வந்த வழி வேறு. லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பார்வையற்றோர் பள்ளியில் பயின்று, ஸ்டெல்லா மாரிஸ், லயோலா கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்று, 2013ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் 343ஆம் இடம் பெற்றார். 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை. கலைப்பிரிவு தாழ்ந்ததன்று என்பதற்கு அவர் சான்று. விரும்பித் தேர்வதற்கும் வேறின்றி ஏற்பதற்கும் உள்ள வேறுபாடே இங்குப் பொருட்டு.

சலுகைகளும் இத்திருப்பத்தில் இருமுனையாகச் செயற்படுகின்றன. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியன மாணவரின் அறிவை வெளிக்கொணரும் உதவிகள். அவற்றால் இழப்பு ஏதுமில்லை. மொழிப்பாட விலக்கும் பாட மாற்றும் வேறு தன்மையன. செவித்திறன் குறைந்த மாணவர்க்கு ஆங்கிலத்திலிருந்து விலக்கு அளிக்கும்போது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எளிதாகிறது. ஆனால் பின்னர் அவர் சேரக்கூடிய கணினிப் பயன்பாட்டியல் வகுப்போ ஆங்கிலச் சொற்களால் ஆனது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோர்க்கென வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல் இளநிலைப் படிப்புகள் 2007இல் தொடங்கப்பட்டமை பெரும்பேறு. அங்கு வரும் மாணவர் எத்தகைய மொழி அடித்தளத்துடன் வருகிறார் என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி தேர்வெழுதுவோர்க்கும் இது பொருந்தும். அங்கு ஐந்து பாடங்களுடன் பத்தாம் வகுப்பை முடிக்கலாம், கணிதம் கட்டாயமன்று. ஆண்டுக்கு ஓரிரு பாடங்களாகப் பிரித்தெழுதும் வசதியும் உண்டு. உடல்நலம் இடையிடையே தடைசெய்யும் மாணவர்க்கு இதனினும் ஏற்ற முறை இல்லை எனலாம். எனினும் கணிதமும் அறிவியலும் இன்றித் தேர்ச்சி பெற்றவர்க்குப் பல்தொழில்நுட்பப் பட்டயப் படிப்புகளும் கணிதம் சார்ந்த மேல்நிலைப் பிரிவுகளும் பெரும்பாலும் எட்டாதனவாகின்றன. சலுகைப் படிவத்தில் பெற்றோர் கையொப்பமிடும் நாளில், எந்தெந்தப் படிப்புகள் இதனால் கைவிட்டுப் போகும் என்பதை அவர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைக்க ஒருவர் இருத்தல் வேண்டும். அச்செய்தி தெரிந்த பின்னரும் விலக்குப் பெறுவது சரியான முடிவாக இருக்கலாம். அது தெரிந்தெடுத்த முடிவாக இருக்கும்.

3,566 பணியிடங்கள்

வழிகாட்டும் ஆசிரியர்க்குப் பயன்படக்கூடிய ஓர் ஆவணம், நடுவண் அரசு 2021 சனவரி 4 அன்று அறிவித்த பணியிடப் பட்டியல். மாற்றுத்திறனாளர்க்கு ஏற்றவையென 3,566 பணிகளை அது நான்கு நிலைகளில் வகைப்படுத்துகிறது. ஒவ்வொரு பணிக்கும் எதிரே அமர்தல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், பார்த்தல், கேட்டல், படித்தெழுதுதல், தொடர்புகொள்ளல் எனத் தேவைப்படும் செயல்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு பணியை அதன் செயல்களாகப் பிரித்துக் காணும் இம்முறை மாணவர்க்குப் பெரிதும் உதவும். ‘கணக்கர் ஆகலாமா’ என்ற பொதுவினா, ‘எவ்வளவு நேரம் அமர வேண்டும், எதை வாசிக்க வேண்டும், அதைத் திரைவாசிப்பான் செய்யுமா’ எனத் தெளிவான சிறு வினாக்களாக உடைகிறது.

அதே பட்டியலைப் பிழையாகவும் படிக்கலாம். பட்டியலில் உள்ளவையே இயன்ற பணிகள், இல்லாதவை இயலாதவை எனக் கொள்வது அப்பிழை. 2025 மார்ச் 3 அன்று, பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கலாகாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் சில மாநிலங்களில் அவர்களுக்கு அப்பணி மூடப்பட்டிருந்தது. அத்தகைய மாநிலமொன்றில் 2020இல் ஒன்பதாம் வகுப்பிலிருந்த பார்வையற்ற மாணவியிடம் ‘நீதிபதியாக இயலாது’ எனச் சொல்லியிருந்தால், அவர் சட்டப்படிப்பை முடிக்கும் முன்னரே அச்சொல் பொய்த்திருக்கும். தொழில்நுட்பமும் தீர்ப்புகளும் ஓராண்டில் மாற்றுவதை வழிகாட்டும் கையேடு பத்தாண்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருப்பது இத்துறையின் குறை.

கண்டறிதல் எவ்வாறு நிகழும்

கண்டறிதல் என்பது தகவல் அளித்தல் மட்டுமன்று. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுப் பணியாளர் சட்டம், மாநிலங்கள் பெறும் தொழில்சார் மறுவாழ்வு நிதியில் குறைந்தது 15 விழுக்காட்டை மாற்றுத்திறன் மாணவரின் வேலைக்கு முந்தைய சேவைகளுக்கு ஒதுக்கப் பணிக்கிறது. தொழில்களை அறிதல், பணியிடத்தில் கற்றல், உயர்கல்வி ஆலோசனை, பணியிட நடைமுறைப் பயிற்சி, தமக்காகத் தாமே பேசக் கற்றல் என ஐந்து கூறுகளை அது கட்டாயமாக்குகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1992 முதல் நடத்தும் ‘டூ-இட்’ திட்டத்தில், மாற்றுத்திறனுடைய உயர்நிலைப்பள்ளி மாணவர் கோடைகாலத்தில் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்குகின்றனர், வகுப்புக்குச் செல்கின்றனர், தம்மைப் போன்ற குறைபாட்டுடன் பணியிலிருப்போரை வழிகாட்டிகளாகப் பெறுகின்றனர். வீட்டைவிட்டு முதன்முறை தங்கும் இரவில் கற்பது எந்தக் கையேட்டிலும் இல்லாதது.

தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் அரசுப்பள்ளி மாணவர்க்கு உயர்கல்வி வழிகாட்டலைக் கொண்டுசென்றுள்ளது. பள்ளிதோறும் வழிகாட்டல் வகுப்பு நடக்கும் இக்கட்டமைப்பு, மாற்றுத்திறன் மாணவர்க்கான கண்டறிதலை ஏற்றி வைப்பதற்குரிய ஆயத்தமான மேடை. அதற்குச் சில சேர்க்கைகள் தேவை. கல்லூரிக்கு அழைத்துச் செல்லும்போது, பாடத்துறைகளோடு சாய்தளம், கழிவறை, விடுதி அறை, சைகைமொழிப் பெயர்ப்பாளர் ஆகியவற்றையும் மாணவரே பார்த்து மதிப்பிட வேண்டும். போக்குவரத்தையும் அன்றே சோதித்தறிவது நன்று. 2024இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர், சக்கர நாற்காலியில் செல்லும் மாணவர்க்குச் சில கல்லூரிகள் புதிதாக எட்டும் தொலைவில் வந்தன. அப்பேருந்து செல்லாத தடத்தில் உள்ள கல்லூரி, ஒதுக்கீடு இருந்தும் தொலைவிலேயே நிற்கிறது.

தமக்காகத் தாமே பேசுதல் என்ற கூறு கோட்டூர்புர அனுபவத்தோடு நெருங்கியது. படப்பலகையாலோ செயலியாலோ பேசும் மாணவரிடம் வினவும் ஆசிரியர், விடைக்காகச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திராது தாயை நோக்கித் திரும்பினால் விடை தாயினுடையதாகிவிடும். எந்தச் சட்டையை அணிவது என்பதைக்கூட ஒருபோதும் தேர்ந்திராத மாணவரிடம், பதினைந்தாம் அகவையில் திடீரெனத் தொழிலைத் தேரச் சொல்வதும் பொருளற்றது. பொருளாதாரமா வரலாறா என்ற வினாவுக்கு முன்னால், எந்த நூல், எந்த விளையாட்டு, யாரோடு செல்வது என்னும் நூறு சிறு தேர்வுகள் நிகழ்ந்திருக்க வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்க்கு இப்பயிற்சி இன்னும் இன்றியமையாதது. அவர்களுள் பலர்க்குப் பட்டப்படிப்பு இலக்காக இராது. அதனாலேயே வழிகாட்டல் வகுப்பிலிருந்து அவர்கள் விடுபட்டுப் போகின்றனர். பள்ளிகள் வழமையாகக் கற்பிக்கும் மெழுகுவத்தி, காகிதப்பை ஆகியவற்றுக்கு அப்பால் பணிகள் உண்டு. மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வளாகத்தில் இயங்கும் ‘மியூசியம் ஆப் பாசிபிலிட்டிஸ்’ காட்சியகத்தில், துணைக்கருவிகளைத் தொட்டு இயக்கிப் பார்க்கலாம்; அங்குள்ள சிற்றுண்டியகத்தில் பரிமாறுவோர் மாற்றுத்திறனாளர்களே. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் அங்கு ஒரு வாரம் நின்று பணிசெய்தால், தமக்குக் கூட்டம் பிடிக்குமா, பில் போடுவது இயலுமா, நெடுநேரம் நிற்க முடியுமா என்பன அவர்க்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என அறிந்து திரும்பினாலும், அடுத்த வாரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கிப் பார்ப்பதற்கு அவர்க்குப் பள்ளியில் இன்னும் மூன்றாண்டுகள் இருக்கும்.