காவற் கமராவும் உணர்கருவியும்

பயிரை விளைவித்தல் பாதி. விளைந்ததைக் காத்தல் மறுபாதி. தனித்து நிற்கும் கமரா நடந்ததைப் பதிவு செய்யுமேயன்றி நடப்பதைத் தடுக்காது. விளக்கோடும் மணியோடும் இணைக்கப்பட்டபோதே அது காவலாகும்.

இதற்கு இரு இலவச மென்பொருள்கள் உள. 'பிரிகேற்' கமராப் படத்தை ஆராய்வது. 'ஹோம் அசிஸ்டன்ற்' வீட்டு மின்கருவிகளை இயக்குவது. இரண்டையும் வீட்டிலுள்ள ஒரு சிறு கணினியிலேயே அமைக்கலாம். படத்தில் மனிதர் தோன்றின் முன்னது செய்தி அனுப்பும். பின்னது விளக்கை ஏற்றி மணியை ஒலிப்பிக்கும்.

ஆயினும் ஒரு குறையை அறிந்திருத்தல் அவசியம். இத்தகைய மென்பொருள்களைப் பயிற்றுவதற்குப் பெரிதும் பயன்படுவது 2014ஆம் ஆண்டில் வெளியான 'கோக்கோ' என்னும் படத்தொகுதி. அதன் 80 வகைகளுள் யானையும் மாடும் உள, பன்றி இல்லை. ஆகவே, கமராவை மட்டும் நம்பியவரது மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிண்டிச் சென்றாலும் மணி ஒலியாதிருக்கலாம்.

இதற்குப் பரிகாரம், உடற்சூட்டை உணரும் கருவியொன்றை வேலியோரத்தில் நிறுத்தி, அதனையும் இவற்றோடு இணைத்தலாகும். வந்தது எவ்விலங்கென அது அறியாது. ஒன்று வந்ததென அறிவிக்கும். அதன் முன்னுள்ள புல்லை வெட்டிவிடுக. மின்தடைக்கென பற்றரியும் வைத்திருத்தல் நன்று. மாதம் ஒருமுறை இரவில் வேலியோரம் நடந்து, மணி ஒலிக்கின்றதா எனச் சோதித்தறிக.