வெளிச்சம் வந்தால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள்

2013 பிப்ரவரி 15. ரஷ்யாவின் உரால் மலைகளை ஒட்டிய செல்யாபின்ஸ்க் நகரம் கடுங்குளிரில் அன்றைய வேலையைத் தொடங்கியிருந்தது. காலை 9.20 மணியளவில் வானத்தின் குறுக்கே ஒரு நெருப்புக்கோடு பாய்ந்தது. சில கணங்கள் சூரியனையும் மிஞ்சிய வெளிச்சம், சத்தமே இல்லை. என்னவென்று பார்க்க ஜனங்கள் ஜன்னல்களுக்கு ஓடினார்கள். வானில் வெண்புகை நீளமாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்தபடி நின்றவர்கள்மீது, இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழித்து, அதிர்வலை வந்து மோதியது. நகரமெங்கும் கண்ணாடிகள் நொறுங்கித் தெறித்தன.

சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள். பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயங்கள். விண்ணிலிருந்து வந்த அந்தக் கல் விழுந்து ஒருவர்கூடச் சாகவில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமடைந்தன. துத்தநாக ஆலை ஒன்றின் கூரை சரிந்தது.

இத்தனையும் செய்த கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 20 மீட்டர்தான். ஆனால் எடை பத்தாயிரம் டன்னுக்கும் மேல். வேகம் விநாடிக்கு 19 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முன்னால் இருக்கும் காற்று விலக நேரமில்லாமல் நெரிந்து, கல்லையே உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றும் காற்றில் உரச, மொத்த ஆற்றலும் ஒரே வீச்சில் வெளிப்படுகிறது. தரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் அது வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ 30 மடங்கு ஆற்றல். இன்னும் தாழ வந்து வெடித்திருந்தால் அந்த நகரத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது. கல்லின் பெரும்பகுதி தூசியாகவும் ஆவியாகவும் போயிற்று. மிஞ்சியதில் பெரிய துண்டு செபார்குல் ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அரை டன்னுக்கும் கூடுதலான அந்தக் கல்லை அதே ஆண்டு அக்டோபரில் வெளியே எடுத்தார்கள்.

டிசம்பரில் வரும் ஜெமினிட்ஸ் போன்ற எரிகல் பொழிவுகளை இதோடு சேர்த்து அஞ்ச வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் மணல் அளவிலான துகள்கள். மிக உயரத்திலேயே எரிந்துபோகும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்து, விடிய விடியப் பார்க்கலாம்.

செல்யாபின்ஸ்க் கல்லை ஏன் யாரும் முன்கூட்டிக் காணவில்லை? சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தது. இரவு வானத்தைத் துழாவும் தொலைநோக்கிகளுக்கு அந்தத் திசை குருடு. அதே நாளில் 2012 டிஏ14 என்ற வேறொரு சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோகும் என்று விஞ்ஞானிகள் ஓராண்டுக்கு முன்பே கணித்திருந்தார்கள். அதுவும் சொன்னபடியே கடந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின்மீது மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது. முன்னதாகத் தெரிந்தால் திசைதிருப்ப வழி உண்டு என்ற நம்பிக்கையை அது தந்தது. ஆனால் இருபது மீட்டர் கற்கள் எண்ணிலடங்காதவை. எல்லாவற்றையும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க இன்றைக்கு வழியில்லை.

அதனால்தான் செல்யாபின்ஸ்கின் ஓர் ஆசிரியையை மறக்கக்கூடாது. வெளிச்சத்தைக் கண்டதும் தன் வகுப்புப் பிள்ளைகளை மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். அவர் கையைக் கண்ணாடி ஆழமாகக் கிழித்தது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எந்தக் கருவியும் செய்யாததை அந்த ஒரு கட்டளை செய்தது.

ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். கல் வெடித்த இடம் எத்தனை கிலோமீட்டர் தொலைவோ, அத்தனை மூன்று விநாடிகள்தான் வெளிச்சத்துக்கும் அதிர்வுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம். தீயணைப்புப் பயிற்சியைப் போல இதையும் நம் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும். வானம் திடீரென்று கண்கூச ஒளிர்ந்தால் ஜன்னலை விட்டு விலகி, சுவரோரமாகக் குனிந்து உட்காருங்கள். சில நிமிடங்கள் கழிந்த பிறகே எழுந்திருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லிவையுங்கள்.