அச்சமும் அடுப்பும்

நோய்க்குச் சாதியும் தெரியாது, வர்க்கமும் தெரியாது என்று கொரோனாக் காலத்தில் ஓயாமல் சொல்லப்பட்ட வாசகம் கிருமியைப் பொறுத்தமட்டில் ஓரளவு மெய்யாக இருக்கலாம். ஆனால் அந்நோயைப் பற்றிய கவலை மட்டும், ஒவ்வொரு வீட்டின் வருமானத்தையும் இடவசதியையும் சமூக அந்தஸ்தையும் விசாரித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, நான்கு மாதங்கூட நிறையுமுன், 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் அமலான ஊரடங்கைச் சந்திக்க நேர்ந்தது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், நோய் முற்றினால் எங்கே போவது, எந்த வண்டியில் போவது, யாரிடம் கடன் கேட்பது என்ற வியாகுலம் வெறும் மனப்பிராந்தி அல்லவென்பது விளங்கும்.

'வீட்டிலேயே இருங்கள், காய்ச்சல் கண்டவர் தனி அறையில் ஒதுங்கியிருங்கள்' என்ற உபதேசம், வீட்டில் இன்னொரு அறை இருக்கிறது என்றும், நாளைய அரிசி இன்றே பானையில் இருக்கிறது என்றும் அனுமானித்துக்கொண்டு சொல்லப்பட்டது. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் போன்ற, அன்றாடக் கூலியையே நம்பிய குடியிருப்புகளில் இவ்விரண்டு அனுமானங்களும் பொய்த்துப் போயின. மாதச் சம்பளக்காரர் தொலைக்காட்சியில் அன்றைய மரணக் கணக்கைக் கேட்டுக் கலங்கிய அதே வேளையில், சுமை தூக்குபவரும் சித்தாளும் வட்டிக் கணக்கைப் போட்டுக் கலங்கினார்கள். கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டு வரை அவகாசம் அளித்தது உண்மையே. ஆயினும் அந்த அவகாசத்தில் வட்டி உறங்கவில்லை.

கல்வராயன் மலைக்கு ஏறினால் கவலையின் ரூபம் மாறுகிறது. மரவள்ளி பயிரிட்டும், விளைச்சல் போதாத காலத்தில் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிவேலைக்குச் சென்றும் ஜீவனம் நடத்தும் மலையாளிப் பழங்குடியினருக்கு, போக்குவரத்து நின்றதென்றால் வருமானம் நின்றது என்றே பொருள். சமவெளிப் பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் கேட்க, அலைவரிசை எட்டாத ஊர்களில், படிப்பு இத்தோடு முடிந்ததோ என்ற ஐயம் பெற்றோரை அரித்தது.

வறுமையோடு அவமதிப்பும் சேர்ந்துகொண்டது. 2020 மே மாதம் சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, அங்கே உழைத்தவர்கள் விழுப்புரம், கடலூர் முதலிய வடமாவட்டங்களுக்குத் திரும்பியபோது, பிழைப்புக்காகப் போன மனிதர்களே நோயைச் சுமந்து வந்த குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டனர். தொற்றுக்கு அஞ்சுபவன் மருத்துவரை நாடுவான். ஊராரின் ஏச்சுக்கு அஞ்சுபவனோ நோயையே மறைப்பான்.

ஏழையின் பயம் மிகையானதென்று கருதுவோருக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1918ஆம் ஆண்டு இன்ஃபுளூயன்சாவில் பம்பாய் நகரத்து ஐரோப்பியரில் ஆயிரத்துக்குச் சுமார் 8 பேர் மாண்டார்கள். தாழ்த்தப்பட்ட இந்து வகுப்பினரிலோ சுமார் 61 பேர். நம் காலத்திலோ, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் பதற்றக் கோளாறு ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சம் பேருக்குக் கூடுதலாக ஏற்பட்டதென்று 'லான்செட்' இதழில் 2021இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெண்களும் இளைஞரும் அதில் அதிகம் பாதிக்கப்பட்டனர். ஆபத்து பெரிது, அதன் முடிவு அநிச்சயம், தடுக்கத் தன் கையில் ஒன்றுமில்லை என்னும் மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில்தான் கவலை நோயாக முற்றுகிறது. கையில் சேமிப்பில்லாதவரிடம் அவை எளிதில் ஒன்றுகூடுகின்றன.

ஆகவே ஆறுதல் மொழி அவசியமே, ஆனால் அது மட்டும் போதாது. ரேஷன் கடையில் 2020இல் கிடைத்த 1,000 ரூபாயும், 2021இல் இரு தவணைகளில் கிடைத்த 4,000 ரூபாயும், விலையில்லா அரிசியும் குடும்பச் செலவை முழுதும் தாங்கவில்லை. எனினும் நாளைக்கு அடுப்பெரியும் என்ற நிச்சயத்தைச் சில நாட்களுக்கேனும் தந்த வகையில் அவையும் மனத்துக்கு மருந்தாயின.

2024 ஜூனில் கள்ளச்சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, கொள்ளைநோய் அகன்ற பின்னும் அந்த ஏழ்மை அகலவில்லை என்பது பிரத்தியட்சமாயிற்று. மனக்கலக்கத்தில் தவிப்போர் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணைத் தயங்காமல் அழைக்கலாம். ஆனால் அடுத்த கொள்ளைநோய்க்கு ஆயத்தம் செய்யும் அரசு, கதவடைக்கும் உத்தரவையும், இழந்த கூலிக்கு ஈட்டுத்தொகை தரும் உத்தரவையும் ஒரே நாளில் ஒரே தாளில் வெளியிட வேண்டும்.